எலிக்குக் கொடுத்த நாவல் கொட்டைச் சாரமும் நீங்கள் சாப்பிடும் பொடியும்

அன்புள்ள ஐயாவுக்கு, வணக்கம்.

உங்கள் கடிதத்தின் சாரத்தை மற்ற வாசகர்களுக்காக முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு வயது 56, எடை 70 கிலோ. ஒன்பது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின் 500 மி.கி. காலையும் இரவும், கிளிமிபிரைடு 1 மி.கி. காலையில் மட்டும் சாப்பிடுகிறீர்கள். சில மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. சோதனை கடைசியாக 8.1. வயிற்று ஸ்கேனில் கல்லீரலில் முதல் நிலைக் கொழுப்பு என்று வந்திருக்கிறது. ஈரல் நொதிகளான எஸ்.ஜி.பி.டி. 68, எஸ்.ஜி.ஓ.டி. 51, தட்டணுக்கள் 2,10,000. வரப்பில் நிற்கும் இரண்டு நாவல் மரங்களின் கொட்டையை இந்த ஆடியில் காயவைத்து அரைத்து, காலையில் வெறும் வயிற்றில் ஒரு தேக்கரண்டி வீதம் மூன்று வாரமாகச் சாப்பிட்டதில், வெறும் வயிற்றுச் சர்க்கரை 148-இலிருந்து 121-க்கு இறங்கியதாக எழுதியிருக்கிறீர்கள். உயிர்வேதியியல் முதுகலை படிக்கும் உங்கள் மகள், நாவல் கொட்டைச் சாரம் எலிகளின் இரத்தச் சர்க்கரையைக் குறைத்து ஈரல் நொதிகளையும் சீராக்கியதாகச் சொல்லும் ஆய்வுக்கட்டுரை ஒன்றைக் காட்டியிருக்கிறார். மாத்திரையை விட்டுவிடலாமா, இந்தப் பொடி ஈரலுக்கு நல்லதா கெட்டதா, மகள் இதையே தன் ஆய்வாக எடுத்துக்கொண்டால் எப்படிச் செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள்.

இவற்றுக்கெல்லாம் முன்பாக, கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதியிருக்கும் ஒரு செய்தியைப் பற்றிப் பேச வேண்டும். இரண்டு நாள் பதினொரு மணி வாக்கில் கை நடுங்கி, நெற்றி வேர்த்து, வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டதாகவும், பொடி நன்றாக வேலை செய்வதன் அறிகுறியாக அதை எடுத்துக்கொண்டதாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, பெரும்பாலும் அது தாழ்சர்க்கரை. பொடி சாப்பிட்டபின் ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடக்கூடாது என்று யாரோ சொன்னதால் காலை உணவைத் தள்ளிப்போட்டு, வெறும் டீயோடு வயலுக்குப் போய், பத்தரை மணிக்குமேல்தான் சாப்பாட்டுக்கு உட்காருவதாக அதே பக்கத்தில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். கிளிமிபிரைடு என்பது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும் மாத்திரை. அதைக் காலை உணவை ஒட்டிச் சாப்பிடச் சொல்வதன் காரணம், சுரக்கும் இன்சுலினுக்கு வேலை கொடுக்க வயிற்றில் உணவு இருக்க வேண்டும் என்பதுதான். மாத்திரையை ஏழு மணிக்கு விழுங்கிவிட்டு உணவை மூன்று மணி நேரம் தள்ளிப்போட்டு வெயிலில் வேலை செய்தால், நாவல் கொட்டை இல்லாமலேயே சர்க்கரை விழும். பொடியும் சிறிது குறைக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், இரண்டும் சேர்ந்து தள்ளுவது பள்ளத்துக்குத்தான்.

ஆகவே நாளைக் காலையிலிருந்தே உணவை நேரத்துக்குச் சாப்பிடுங்கள். சட்டைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் ஒன்று இருக்கட்டும். மறுபடி நடுக்கமோ வேர்வையோ கண் இருட்டலோ வந்தால், முடிந்தால் மீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தாலும், மீட்டர் கையில் இல்லாவிட்டாலும், மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மீண்டும் பார்த்து, தெளிந்தபின் சோறோ இட்லியோ சாப்பிட்டுவிடுங்கள். இந்த வகை மாத்திரையால் விழுந்த சர்க்கரை ஒருமுறை ஏறியபின் மறுபடியும் விழக்கூடும் என்பதால், அன்று தனியாக வயலில் இருக்க வேண்டாம். இந்த வாரமே உங்கள் மருத்துவரைப் பார்த்து, பொடி சாப்பிடுவதையும் மறைக்காமல் இதைச் சொல்லுங்கள். நான் மருந்தியல் கற்பிப்பவன். உங்கள் மாத்திரையைக் கூட்டுவதும் குறைப்பதும் மாற்றுவதும் உங்களை நேரில் பார்க்கும் அவருடைய பொறுப்பு. அதை நீங்களாகவும் செய்யக்கூடாது, கடிதம் வழியாக நானும் செய்யக்கூடாது.

இனி அந்த 148, 121 கணக்குக்கு வருகிறேன். வீட்டில் வைத்திருக்கும் குளுக்கோமீட்டர்களுக்கான சர்வதேசத் தரம், 100-க்கு மேற்பட்ட அளவுகளில் 15 சதவீதம் வரை இப்படியோ அப்படியோ இருப்பதை ஏற்றுக்கொள்கிறது. 148 என்று காட்டியபோது உண்மை அளவு 129-ஆகவும் இருந்திருக்கலாம். 121 என்று காட்டியபோது அது 139-ஆகவும் இருந்திருக்கலாம். முதல் நாள் இரவு என்ன சாப்பிட்டோம், எப்படித் தூங்கினோம் என்பதைப் பொறுத்தும் காலைச் சர்க்கரை இருபது முப்பது மாறும். பொடி தொடங்கிய அன்றிலிருந்தே இரவில் சோற்றை நிறுத்திவிட்டு இரண்டு சப்பாத்தி சாப்பிடுவதாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அந்த மாற்றம் மட்டுமே இந்த இறக்கத்தைக் கொடுத்திருக்கக்கூடும். பொடிக்கு வேலை இல்லை என்று இதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். இரண்டு எண்களை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பதே என் கருத்து. சிவப்பணுக்களின் ஆயுள் சுமார் 120 நாள் என்பதால், எச்.பி.ஏ.1.சி. சோதனை கடந்த இரண்டு மூன்று மாதத்தின் மொத்தக் கணக்கைத் தருகிறது. எந்த மாற்றத்தையும் அதைக் கொண்டே அளக்க வேண்டும்.

மகள் காட்டிய கட்டுரையின் பெயரை நீங்கள் குறிப்பிடவில்லை. நாவல் கொட்டை, வெந்தயம், கருஞ்சீரகம் போன்ற விதைகளை வைத்து இவ்வகைக் கட்டுரைகள் ஏராளமாக வந்திருக்கின்றன. அவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றே என்பதாலும், மாணவர்களோடு நானும் அப்படிப்பட்ட ஆய்வுகளைச் செய்திருப்பதாலும், உள்ளே நடப்பதை விளக்க முடியும்.

சாதாரண ஆய்வக எலிக்கு இயல்பாகச் சர்க்கரை நோய் இருப்பதில்லை. அதை நாங்கள்தான் உண்டாக்குகிறோம். அதற்குப் பயன்படும் இரசாயனங்களில் பழையது அலாக்சான். 1943-இல் கிளாஸ்கோவில் சிறுநீரகப் பாதிப்பைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்தவர்கள், முயலுக்கு அதைச் செலுத்தியபோது கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்கள் மடிவதைத் தற்செயலாகக் கண்டார்கள். இன்று பெரும்பாலும் ஸ்ட்ரெப்டோசோடோசின் பயன்படுகிறது. அதன் இந்தக் குணம் 1963-இல் வெளிவந்தது. குளிர்ந்த சிட்ரேட் கரைசலில் கரைத்த சில நிமிடங்களிலேயே அது சிதையத் தொடங்கும் என்பதால், பனிக்கட்டியில் வைத்தபடி, முன்பே எடைபோட்டு வரிசைப்படுத்திய எலிகளுக்கு விரைவாக ஊசி போட வேண்டும். மடியும் பீட்டா செல்கள் கையிருப்பு இன்சுலினை மொத்தமாகக் கொட்டிவிடுவதால், முதல் இரவு எலிகள் தாழ்சர்க்கரையில் செத்துவிடாமலிருக்கக் கூண்டில் தண்ணீருக்குப் பதிலாகக் குளுக்கோஸ் கரைசலை வைப்போம். மூன்றாம் நாள் வாலின் இரத்த நாளத்திலிருந்து ஒரு சொட்டு இரத்தம் எடுத்துப் பார்த்து, பெரும்பாலும் 250-க்கு மேலே இருப்பவற்றை மட்டும் சர்க்கரை எலிகள் என்று ஆய்வில் சேர்த்துக்கொள்வோம். பிறகு ஆறு ஆறாகப் பிரித்து, ஒரு குழுவுக்குச் சாரம் குறைந்த அளவில், இன்னொன்றுக்குக் கூடிய அளவில், வேறொன்றுக்குக் கிளிபென்கிளமைடு என்ற சர்க்கரை மாத்திரை, மற்றொன்றுக்கு வெறும் தண்ணீர் என்று மூன்று நான்கு வாரம் வாய்வழியே கொடுத்துவருவோம்.

இந்த எலிக்கும் உங்களுக்கும் உள்ள வேறுபாடு இங்கேயே தொடங்குகிறது. எலிக்கு இருப்பது ஒரே நாளில் இரசாயனத்தால் கணையம் கருகியதால் வந்த இன்சுலின் பற்றாக்குறை. உங்களுக்கு இருப்பது பல ஆண்டுகளாகச் சேர்ந்த இன்சுலின் எதிர்ப்பும் (சுரக்கும் இன்சுலினுக்கு உடல் சரியாகச் செவிசாய்க்காத நிலை), அதனால் களைத்துப்போன கணையமும், கொழுப்பேறிய ஈரலும். உங்களைப் போன்றவர்களின் நிலைக்குச் சற்று அருகில் வர வேண்டுமென்றால், எலிக்கு முதலில் கொழுப்பு மிகுந்த தீனியைக் கொடுத்து எதிர்ப்பை உண்டாக்கிவிட்டு, பிறகு ஸ்ட்ரெப்டோசோடோசினைக் குறைந்த அளவில் செலுத்த வேண்டும். பஞ்சாபின் மொஹாலியிலுள்ள தேசிய மருந்துக் கல்வி ஆய்வு நிறுவனத்தார் 2005-இல் வெளியிட்ட முறை அப்படிப்பட்டது. கட்டுரையைப் படிக்கும்போது மகள் முதலில் பார்க்க வேண்டியது, எந்த வகைச் சர்க்கரை எலியில் சோதித்தார்கள் என்பதைத்தான்.

ஈரலைப் பற்றிய பகுதியில் இன்னும் கவனம் வேண்டும். ஸ்ட்ரெப்டோசோடோசின் குளுக்கோஸைப் போல வேடமிட்டு, குளூட்-2 என்னும் வாயில் வழியாகத்தான் பீட்டா செல்லுக்குள் நுழைகிறது. அதே வாயில் ஈரல் செல்லிலும் உண்டு. எனவே அந்த எலியின் எஸ்.ஜி.பி.டி. ஏறுவதில், சர்க்கரை நோய்க்கு ஒரு பங்கும் நாங்கள் போட்ட ஊசிக்கே ஒரு பங்கும் இருக்கின்றன. ஊசியின் பாதிப்பு நாளடைவில் தானாகவும் ஓரளவு ஆறும். இந்த நிலையில் சாரம் கொடுத்த எலியில் நொதி இறங்கியதைக் கண்டு, கொழுப்பேறிய மனித ஈரலை அது குணமாக்கும் என்று முடிவுகட்ட வழியில்லை.

ஈரலுக்கென்றே தனியாகச் செய்யும் சோதனைகள் வேறு. அவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடையோ அளவுக்கு மீறிய பாராசிட்டமாலையோ கொடுத்து ஈரலைக் காயப்படுத்துவார்கள். ஒப்பீட்டுக்குச் சிலிமாரின் என்ற மருந்து வைக்கப்படும். அதுவும் ஒரு நெருஞ்சில் போன்ற முட்செடியின் விதையிலிருந்து எடுத்த சாரமே. அந்த ஈரல் துண்டை ஃபார்மலினில் பதப்படுத்தி, ஐந்து மைக்ரான் தடிமனில் சீவி, சாயமேற்றி நுண்ணோக்கியில் வைத்தால் காணும் காட்சி எனக்கு இன்றும் வியப்புதான். நல்ல ஈரலில் நடு நாளத்தைச் சுற்றிச் செல்கள் வண்டிச் சக்கரத்தின் ஆரக்கால்கள் போல வரிசை பிடித்து நிற்கும். நஞ்சூட்டிய ஈரலில் நடு நாளத்தை ஒட்டிய வட்டத்தில்தான் செல்கள் ஊதி, வெளுத்து, கொழுப்புக் குமிழ்களோடு சிதைந்திருக்கும். வெளிவட்டம் பெரும்பாலும் தப்பித்திருக்கும். அந்த நஞ்சை உண்மையான நஞ்சாக மாற்றுவது ஈரலின் ஒரு நொதி. அது நடுவட்டத்தில்தான் அதிகம் என்பதே இதற்குக் காரணம். இப்போது யோசித்துப் பாருங்கள்: ஒரு சாரம் அந்த நொதியை முடக்கிவிட்டால், நஞ்சு நஞ்சாகவே மாறாது, ஈரலும் பிழைத்துவிடும். காயத்தை ஆற்றும் குணம் அந்தச் சாரத்தில் கொஞ்சமும் இல்லாவிட்டாலும் கட்டுரையில் ஈரல் காக்கப்பட்டதாகவே பதிவாகும். சாரத்தை நஞ்சுக்கு முன்பாகக் கொடுத்தார்களா, பின்பாகக் கொடுத்தார்களா என்று நான் மாணவர்களிடம் எப்போதும் முதலில் கேட்பது இதனால்தான். முன்பாகக் கொடுத்தால் அது தடுப்பு. ஏற்கெனவே கொழுப்பு படிந்த ஈரலோடு இருப்பவருக்குத் தேவைப்படும் விடை அதில் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவியின் ஆய்வில் விதைச் சாரம் ஒன்று எலிகளின் சர்க்கரையை அழகாகக் குறைத்தது. எல்லோருக்கும் மகிழ்ச்சி. கூண்டுகளில் மிஞ்சிய தீனியை அந்தப் பெண் தினமும் எடைபோட்டு எழுதிவைத்திருந்ததால்தான் உண்மை தெரிந்தது: சாரம் குடித்த எலிகள் மற்றவற்றைவிட வெகுவாகக் குறைத்தே தின்றிருந்தன. துவர்ப்பு அவற்றின் வயிற்றைப் புரட்டியிருக்க வேண்டும். பட்டினி கிடந்தால் எந்த எலிக்கும் சர்க்கரை குறையும். அந்தத் தீனிக் கணக்கு இல்லாத கட்டுரைகளை நான் அன்றிலிருந்து முழுதாக நம்புவதில்லை.

அளவுக்கு வருவோம். இவ்வகை ஆய்வுகளில் எலிக்குக் கிலோ எடைக்கு 200, 400 மி.கி. சாரம் கொடுப்பது வழக்கம். எலியின் அளவை மனித அளவாக்க, உடற்பரப்புக் கணக்குப்படி 6.2-ஆல் வகுப்பார்கள். 400 மி.கி. என்பது மனிதருக்குக் கிலோவுக்கு 64.5 மி.கி. ஆகிறது. 70 கிலோ எடையுள்ள உங்களுக்கு அது நாளொன்றுக்கு நாலரை கிராம் சாரம். சாரம் என்பது பொடி அன்று. பொடியை எரிசாராயத்தில் மூன்று நாள் ஊறவைத்து, வடிகட்டி, எரிசாராயத்தை ஆவியாக்கியபின் குடுவையின் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் கரும்பழுப்புப் பிசின்தான் சாரம். கணக்குக்காக 100 கிராம் பொடியில் 10 கிராம் சாரம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், அந்த எலி பெற்றதற்கு ஈடாக நீங்கள் தினமும் 45 கிராம் பொடி, அதாவது சுமார் பதினைந்து தேக்கரண்டி சாப்பிட வேண்டும். ஐயா, இதைப் படித்துவிட்டுத் தயவுசெய்து அளவைக் கூட்டிவிடாதீர்கள். கட்டுரையில் உள்ள பலனை உங்கள் ஒரு தேக்கரண்டியிடம் எதிர்பார்க்க முடியாது என்பதைக் காட்டவே இந்தக் கணக்கு. பதினைந்து தேக்கரண்டி அளவில் அது மனித ஈரலையும் சிறுநீரகத்தையும் என்ன செய்யும் என்பதற்கு எலியின் நான்கு வாரம் பதில் சொல்லாது.

மனிதர்களிடம் சோதிக்கும்போது ஏமாற்றமும் நேரும். பிரேசிலில் நாவல் இலைத் தேநீர் சர்க்கரைக்கு மக்கள் மருந்தாக நன்கு பரவியிருந்தது. அங்கே நோயாளிகளுக்கு யாருக்கு எது என்று தெரியாதவாறு ஒரு சாராருக்கு அந்தத் தேநீரையும் மற்றொரு சாராருக்குக் கிளிபென்கிளமைடையும் கொடுத்துப் பார்த்ததில், மாத்திரை குறைத்தது, தேநீர் குறைக்கவில்லை. அது இலை, உங்களுடையது கொட்டை என்பது உண்மைதான். ஆனால் கொட்டைக்கும் அதே கண்டிப்பான சோதனை நடந்தாக வேண்டும். வெந்தயத்தின் கதை இதைவிட நம்பிக்கையூட்டுவது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் 1990-இல் வெளியிட்ட ஆய்வில், கொழுப்பு நீக்கிய வெந்தயப் பொடியை உணவோடு சேர்த்துக் கொடுத்தபோது நோயாளிகளின் சர்க்கரை தெளிவாகக் குறைந்தது. அவர்கள் கொடுத்தது நாளொன்றுக்கு 100 கிராம். இரவில் ஊறவைத்துக் காலையில் விழுங்கும் ஒரு கரண்டி வெந்தயத்தோடு அதை ஒப்பிடக்கூடாது.

செடியை நம்பாமல் மாத்திரையை நம்பச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். நீங்கள் விடத் துடிக்கும் மெட்ஃபார்மினின் வேரே ஒரு செடியில்தான் இருக்கிறது. ஐரோப்பாவில் பழங்காலம்தொட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியில் குவானிடின் வகைப் பொருள் உண்டு. குவானிடின் விலங்குகளின் சர்க்கரையைக் குறைக்கும் என்று 1918-இல் தெரிந்தது. ஆனால் அது நஞ்சு. அதன் நஞ்சு குறைந்த உறவுப் பொருளான மெட்ஃபார்மின் 1922-இல் டப்ளினில் உருவாக்கப்பட்டது. 1957-இல்தான் பாரிசில் ழான் ஸ்டெர்ன் என்ற மருத்துவர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்து முடிவுகளை வெளியிட்டார். அமெரிக்கா ஏற்றுக்கொண்டது 1994-இல். அதே குடும்பத்துப் ஃபென்ஃபார்மின், இரத்தத்தில் லாக்டிக் அமிலத்தை ஏற்றி உயிரைப் பறித்ததால் எழுபதுகளின் பிற்பகுதியில் பல நாடுகளில் விலக்கப்பட்டது. செடியிலிருந்து மாத்திரைக்கு வர இத்தனை ஆண்டுகளும் இத்தனை விழிப்பும் தேவைப்பட்டன. இன்னொன்று: வெறும் வயிற்றுச் சர்க்கரையில் பெரும்பங்கு இரவில் ஈரல் தயாரித்து அனுப்புவது. மெட்ஃபார்மின் முக்கியமாக அந்தத் தயாரிப்பைத்தான் அடக்குகிறது. அது ஈரலைக் கெடுக்கும் என்று ஊரில் பேசப்படும் அச்சத்துக்கு அடிப்படை இல்லை. ஈரலில் கொழுப்பு இருப்பவர்களும் அதைச் சாப்பிடலாம்.

பொடி ஈரலைக் கெடுக்குமா என்ற உங்கள் கேள்விக்கு இரண்டு பகுதியாகப் பதில் சொல்ல வேண்டும். மூலிகை என்பதாலேயே ஈரலுக்குத் தீங்கில்லை என்று கொள்ளக்கூடாது. கொரோனாக் காலத்தில் எதிர்ப்பாற்றலுக்காகச் சீந்தில் குடித்தவர்களில் ஆறு பேருக்கு ஈரல் அழற்சி வந்ததை 2021-இல் மும்பை மருத்துவர்கள் வெளியிட்டார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை மறுத்தது. விவாதம் எப்படிப் போனாலும், ஏற்கெனவே ஈரல் நோய் உள்ளவர் எந்தச் சாரத்தையும் சோதனையின்றிச் சாப்பிடக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. நாவல் கொட்டையை அதோடு சேர்த்துக் குற்றம்சாட்ட நான் விரும்பவில்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது பூஞ்சை. ஆடி மாதத்துச் சாரலில் சதைப்பற்று ஒட்டிய கொட்டையைக் காயவைத்தால் உள்பருப்பு எளிதில் பூசணம் பிடிக்கும். அதில் அஃப்ளடாக்சின் என்ற நஞ்சை உண்டாக்கும் பூஞ்சையும் இருக்கலாம். 1974-இல் இராஜஸ்தான், குஜராத் கிராமங்களில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளத்தைத் தின்றவர்களுக்கு ஈரல் கெட்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தது இந்த நஞ்சால்தான். வறுத்தாலும் அரைத்தாலும் அது போகாது. உங்கள் ஜாடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். மக்கிய வாடை அடித்தாலோ, பொடி கட்டி தட்டியிருந்தாலோ, அரைக்காமல் வைத்திருக்கும் பருப்பை உடைத்தால் உள்ளே சாம்பல் பச்சைப் படலம் தெரிந்தாலோ, மொத்தத்தையும் குழி தோண்டிப் புதைத்துவிடுங்கள். மாட்டுக்கும் வைக்காதீர்கள். அதற்குப் பதிலாகக் கடையில் பெயர், முகவரி இல்லாத சர்க்கரைப் பொடியை வாங்கவும் வேண்டாம். 2000-இல் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் மூலிகை என்று விற்ற சர்க்கரை மருந்துகளில் கிளிபென்கிளமைடும், முன்சொன்ன ஃபென்ஃபார்மினும் கலந்திருந்தது பிடிபட்டது.

உங்கள் ஈரலின் நிலையை வேறொரு கணக்கால் பார்த்தேன். வயதை எஸ்.ஜி.ஓ.டி.யால் பெருக்கி, அதை, ஆயிரக்கணக்கில் சொன்ன தட்டணு எண்ணையும் எஸ்.ஜி.பி.டி.யின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் ஃபிப்-4 என்ற எண் வரும். உங்களுக்கு அது 1.65. அந்த எண் 1.3-க்குக் கீழ் இருந்தால் ஈரலில் தழும்பு ஏற்பட்டிருக்க வாய்ப்பு குறைவு, 2.67-க்கு மேல் இருந்தால் அதிகம். நீங்கள் இடையில் இருக்கிறீர்கள். இது நோய் என்ற தீர்ப்பாகாது. ஆனால் ஈரலின் விறைப்பை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்க்கவும், ஹெபடைடிஸ் பி, சி இரண்டுக்கும் இரத்தம் சோதிக்கவும் இது போதுமான காரணம். மது அருந்தும் பழக்கத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை. இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள், நிறுத்திவிடுங்கள். ஈரல் கொழுப்பைக் குறைப்பதாக மனிதர்களிடம் திரும்பத் திரும்ப நிரூபணமானது எடைக் குறைப்பு. உங்கள் எடையில் ஐந்து முதல் ஏழு கிலோ மெதுவாகக் குறைந்தால் அந்த ஈரலுக்கு அதைவிடப் பெரிய மருந்தை என்னால் சொல்ல முடியாது.

பொடியை இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். நடுக்கம் எதனால் வந்தது என்று மருத்துவர் தெளிந்து, மாத்திரையைச் சரிசெய்து, ஈரல் சோதனைகளும் வந்தபின், விருப்பமிருந்தால் அவருக்குத் தெரிந்தே, முறையாகப் பயின்ற சித்த மருத்துவரின் மேற்பார்வையில் தொடங்கலாம். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீரில் நாவல் தனியாக வருவதில்லை என்பதை அவரே சொல்வார். ஆவாரை, கொன்றை, மருதம்பட்டை, கோரைக்கிழங்கு போன்றவற்றோடு சேர்த்துக் காய்ச்சிய குடிநீர் அது. எலிக்குக் கொடுத்த எரிசாராயப் பிசின் வேறு, அது வேறு. தொடங்கினால், தொடங்கும் முன் ஒரு எச்.பி.ஏ.1.சி., ஓர் ஈரல் சோதனை. ஆறு வாரத்தில் ஈரல் சோதனை மறுபடி. மூன்று மாதத்தில் இரண்டும். இடையில் கண் மஞ்சளானாலோ, சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, பசி அற்றுப்போனாலோ அன்றே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

மகளின் ஆய்வைப் பற்றி. அவருக்கு என் வாழ்த்து. எலியில் தொடங்க அவசரப்பட வேண்டாம் என்று சொல்லுங்கள். அதற்கு நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழு அனுமதி வேண்டும், முதுகலை மாணவருக்கு ஓர் ஆண்டு போதாது, முப்பது எலிகளின் உயிரை முன்பே பலர் கேட்டுவிட்ட கேள்விக்காகச் செலவிடுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. ஆய்வகங்களில் பெரும்பாலோர் நாட்டுமருந்துக் கடையில் மூட்டையிலிருந்து கொட்டையை வாங்குகிறோம். எந்த மரம், எந்த மாதம், எத்தனை நாள் காய்ந்தது என்று எங்களுக்குத் தெரியாது. ஒருமுறை அப்படி வாங்கிய மூட்டையில் பாதி பூசணம் பிடித்திருந்ததைக் கண்டு ஆறு மாத வேலையைக் கைவிட்டோம். உங்கள் மகளிடம் ஊர் பேர் தெரிந்த இரண்டு மரங்கள் இருக்கின்றன. அவற்றின் கொட்டையை வெயிலில் ஒரு பங்கு, நிழலில் ஒரு பங்கு, 45 டிகிரி அடுப்பில் ஒரு பங்கு என்று காயவைத்து, ஒவ்வொன்றிலும் ஈரப்பதம், அஃப்ளடாக்சின், மொத்த ஃபீனால் அளவு, மாவுச்சத்தைச் செரிக்கும் ஆல்ஃபா குளுக்கோசிடேஸ் நொதியைத் தடுக்கும் திறன் ஆகியவற்றை அளந்து ஒப்பிட்டால், வீட்டில் பொடி செய்யும் ஆயிரக்கணக்கானவர்களுக்கு நேரடியாகப் பயன்படும். கொட்டையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் எந்தப் புரதத்தோடும் ஒட்டிக்கொள்ளும் இயல்புடையது என்பதால், நொதி முடங்கியதைக் கண்டதும் மருந்து கிடைத்துவிட்டது என்று எழுதிவிடாமல், டானினை நீக்கிய சாரத்திலும் அதே சோதனையைச் செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மரத்தின் அடையாளத்தை உறுதிசெய்ய, பூவோடும் இலையோடும் ஒரு சிறு கிளையை அழுத்திக் காயவைத்து, திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் தாவரகம் போன்ற ஓரிடத்தில் சான்று பெற வேண்டும். கொட்டை மட்டும் கையில் இருந்தால் அதைச் செய்ய முடியாது. உங்கள் மரங்கள் பங்குனி, சித்திரை வாக்கில் பூக்கும்போது கிளை ஒன்றை அவரே நறுக்கி, நாளையும் இடத்தையும் எழுதி, செய்தித்தாளுக்கிடையே வைத்துக்கொள்ளட்டும்.